பின்வாசல் கௌக்கிச் செடி

அந்தக் குச்சிகளை நான் அடுப்பெரிக்கத்தான் எடுத்து வைத்தேன்.

கௌக்கிக் கீரையை உருவி முறத்தில் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது பென்சில் கனத்தில் ஒரு கட்டு முள்ளுக் குச்சி. மலாய் நாட்டில், எங்கள் பிரிக்பீல்ட்ஸில் மழை பிடித்துக்கொண்டால் விறகெல்லாம் ஈரமாகி வீடு முழுக்கப் புகையும். நாலு சுள்ளி காய்ந்து கிடந்தால் அடுப்பு சட்டென்று பற்றும். அதனால் அவற்றைப் பின்வாசல் படியில் பரப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கீரையை விற்ற சீன அம்மா, தோள்தடியின் இரண்டு பக்கமும் காலிக் கூடைகள் ஆட, எங்கள் வீட்டு வழியாகத் திரும்பி வந்தாள்.

ஆ சோ என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். நாம் அத்தை, அக்கா என்பது போல அது ஒரு முறைப்பெயர். சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

என் கையில் இருந்ததைப் பார்த்ததும் கூடைகளை அப்படியே இறக்கி வைத்தாள். "ஜாஙான் புவாங் லா!" என்று ஒரு அதட்டல். எறியாதே என்கிறாள். எனக்கும் மலாய் அரைகுறை, அவளுக்கும் அரைகுறை. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பது கணக்குப் பாடத்தில்தான். எங்களுக்குக் கால்தான் தேறியது.

குச்சிகளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, குளியலறைத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையோரம் குந்தினாள். ஈர மண்ணில் விரலால் ஓட்டை போட்டு ஒவ்வொன்றையும் சாய்த்துச் செருகி, குதிகாலால் மிதித்து அழுத்தினாள். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"மாத்தா பாகுஸ்." கண்ணுக்கு நல்லதாம்.

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் அவள் அத்தோடு விடவில்லை. யாருக்குக் கண் சரியில்லை என்று கேட்டாள்.

எனக்குத்தான் என்றேன்.

யாருடைய கண்

தொடர் முழுவதும் 'அவர்' 'அவர்' என்றே எழுதுகிறீர்களே, அவருக்குப் பெயர் கிடையாதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்டு அம்மா, நல்ல பெயர். புருஷன் பெயரைச் சொல்லிப் பழகாத நாக்கு இது. தொண்ணூறை நெருங்கும்போது பேனாவுக்கு மட்டும் புதுப் பழக்கம் எங்கிருந்து வரும்? அவர் என்றால் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

அவர் ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன். சரக்குப் பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, எந்தப் பெட்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதில் திருப்பிவிடுகிற வேலை. பாதி நாள் இரவு முறை. கையில் ஒரு விளக்கு, இடுப்பில் ஒரு கொடி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் குனிந்து போய்க் கொக்கி மாட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஆளே இருக்க மாட்டான்.

ஏதோ சரியில்லை என்பதை நான் அவர் காலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் முழுவதும் கன்றிப்போய், பழைய காயத்தின் மேல் புதுக் காயம். தினமும் காலையில் வேப்பெண்ணெய் தடவிவிடுவது என் வேலையாகிவிட்டது. அந்த வாடை இன்றும் எனக்கு ஆகாது.

"என்னங்க இது, தெனமும் எங்க போயி இடிச்சுக்கிறீங்க?"

"யார்டுன்னா அப்படித்தான். கம்பி, கட்டை எல்லாம் குறுக்க கெடக்கும்."

"மத்தவங்க காலு நல்லாத்தான இருக்கு?"

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், செம்பைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னார்: "பொழுது சாஞ்சா கண்ணக் கட்டுது புள்ள. சாக்குக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்றாத."

மாலைக்கண். பகலில் பருந்து மாதிரி பார்ப்பார். விளக்கு வைத்த பிறகு வாசல்படி தெரியாது.

அது என்ன காலம் என்று இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் யாரைக் கழிக்கலாம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு வேலைக்காகக் கொடுத்தது. ஊரில் எங்களுக்கு ஒரு முழம் நிலம்கூடக் கிடையாது. எந்த முகத்தோடு, எந்த வீட்டுக்குப் போவது?

வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அதற்குள் அவர் கண்ணைச் சரிசெய்துவிட வேண்டும். இதுதான் அந்த நாளில் எனக்கிருந்த ஒரே நினைப்பு. தூங்கி எழுந்தால் அது, அரிசி களைந்தால் அது.

ஊசி கோக்கிற சபை

எங்கள் ரயில்வே வீடுகள் ஒரே நீள வரிசை. ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். அங்கே ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. அதிலும் கௌக்கி கண்ணுக்கு மருந்து என்பது பட்டறையில் சீனர்களோடு வேலை பார்க்கிற எல்லா ஆண்களுக்கும் தெரியும். ஆண்களுக்குத் தெரிந்தால் பெண்களுக்குத் தெரிய எவ்வளவு நேரம்? யார்டில் வேலை செய்கிறவன் வீட்டில் கௌக்கி வளர்ந்தால் மேஸ்திரி காது வரை போய்விடும்.

இந்தச் செடிக்கு இப்போது கோஜி என்று பெயராம். பெரிய கடைகளில் காய்ந்த பழத்தைப் பளபளக்கும் பையில் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். எங்களுக்கு அது கௌக்கிதான். முள்ளுச் செடியை வீட்டுக்கு முன்னால் வைத்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்பார்கள். அது நல்லதாகப் போயிற்று. பின்னால் வைக்க ஒரு காரணம் கிடைத்தது.

ஆனால் பின்பக்கம்தான் எல்லோரும் துணி துவைக்க வருகிற பக்கம். குச்சிகள் துளிர்விட்ட வாரமே பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் மாரிமுத்து அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே யார்டு, ஒரே முறை வேலை. அக்காவுக்கு எப்போதும் கண் சிவந்திருக்கும். ஆளும் சிடுசிடு. காலையில் அவளிடம் வாய் கொடுத்தால் புண்ணாக்கிக்கொண்டுதான் வரவேண்டும்.

"என்னடி ராஜம், பின்னால முள்ளு நட்டிருக்க?"

"கௌக்கிக்கா. கண்ணுக்கு நல்லதாம்."

"யாரு கண்ணுக்கு?"

"எனக்குத்தான். ஊசி கோக்க முடியல. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

அக்கா செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது இருபது வயதுகூட முடியவில்லை. எங்கே பிடித்துவிடுவாளோ என்று கண்ணை இடுக்கிக் காட்டினேன். "கொண்டா ஊசிய" என்றாள். கோத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு! வரிசை முழுக்க என் மேல் இரக்கம். அரிசியில் கல் பொறுக்க ஒருத்தி, துணி தைக்க ஒருத்தி, ஊரிலிருந்து வந்த கடுதாசியைப் படித்துச் சொல்ல ஒருத்தி. எனக்கு அவளைவிட நன்றாகப் படிக்க வரும். ஆனாலும் வாயைத் திறக்காமல் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மறந்துபோய், தூரத்தில் வருவது ஆ சோ என்று நான்தான் முதலில் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கூடை சத்தம் கேட்டுச்சு" என்று சமாளித்தேன்.

இல்லாத குருட்டை நடிப்பது இருக்கிறதே, அது உடம்பைக் கொல்லும். தட்டித் தடவி நடந்து நடந்து எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது.

அம்மனுக்கும் தப்பாகச் சொன்னேன்

இந்த இடத்தில் கோயில் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

கண் நோய்க்கு மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொள்வது நம் வழக்கம். வெள்ளித் தகட்டில் இரண்டு கண். வாங்கிக்கொண்டு போனேன். தனியாக எப்படிப் போவாய் என்று செல்லம்மா அக்காவும் கூடவே வந்துவிட்டாள். குருடிக்குத் துணை.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். பக்கத்தில் அக்கா நிற்கிறாள். அவர் பெயரைச் சொல்லச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கலாம், நாமெல்லாம் அப்படித்தானே செய்வோம். சொன்னால் குட்டு உடைந்துபோகும். வேறு வழியில்லாமல் என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னேன். பூசாரி மணியை அடித்துச் சங்கல்பம் செய்துவிட்டார்.

வீடு வரும்வரை எனக்கு அழுகையான அழுகை. அம்மனுக்குத் தெரியாதா என்று ஒரு மனது. பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகு அவள் எதற்கு மாற்றிக் கொடுக்கப் போகிறாள் என்று இன்னொரு மனது. என்னத்தைச் சொல்ல, இந்த வயதிலும் கண்ணாடி போடாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தூதுவளைக்குத் தங்கச்சி

செடி மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. சாக்கடை ஈரமும் அடுப்புச் சாம்பலும் அதற்கு அமிர்தம். பறிக்கப் பறிக்கத் துளிர்த்தது. கோழிகள் கொத்தாமலிருக்க, நாலு கம்பு நட்டு என் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தேன். கொஞ்ச நாளில் சேலைக்கு மேலே தலை நீட்டி, என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

முள், ஊதாப் பூ, சிவப்புப் பழம் எல்லாம் ஒத்துப்போனதால் நான் அதைத் தூதுவளைக்குத் தங்கச்சி என்றே முடிவு கட்டிக்கொண்டேன். தூதுவளையைச் செய்வது போலவே ரசம் வைத்தேன், துவையல் அரைத்தேன், நெய்யில் வதக்கினேன். ஆ சோ முட்டை உடைத்து ஊற்றி ஈரலும் போட்டு வெறும் தண்ணீரில் கொதிக்க வைக்கச் சொன்னாள். அதையும் செய்தேன். ஆட்டு ஈரல் வாங்கிப் போட்டேன். கீரையில் ஒரு சின்னக் கசப்பு, பின்னாலேயே ஒரு இனிப்பு. அவர் முகத்தைச் சுளிக்காமல் குடிப்பார்.

இதில் ஒரு தொல்லை. இரவில் கீரை சாப்பிடக் கூடாது என்பது எனக்கு ஊறிப்போன சாத்திரம். அவருக்கோ இரவு முறையில் பெரிய சாப்பாடே ராத்திரியில்தான். தூக்குச் சட்டியில் கீரையைப் போட்டனுப்ப மனம் வரவில்லை. அதனால் அவர் வேலைக்குக் கிளம்புமுன், பொழுது இருக்கும்போதே கிண்ணத்தை நீட்டுவேன். பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து குடிப்பார். மனுஷருக்கு முழுத் தூக்கமே கிடையாது என்றாகிவிட்டது.

பழம் வந்தால் குணமாகிவிடும் என்று காத்திருந்தேன். சீன மருந்துக்கடையில் அந்தச் சிவப்புப் பழத்தைப் பார்த்திருக்கிறேன். கீரையைவிட அதுதான் கண்ணுக்கு முக்கியம் என்றார் கடைக்காரர். சில கிளைகளை உருவாமலே விட்டு வைத்தேன். பூ ஒன்றிரண்டு வந்தது, உதிர்ந்தது. ஆ சோவைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அது குளிர் ஊரில் காய்க்கிற பழமாம், இந்தச் சூட்டில் வெறும் இலைதானாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

கிள்ளானில் கேட்டது

அந்தச் சமயத்தில் கிள்ளானில் இருந்த அவருடைய அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனேன். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ரயிலில் ஒரு காலைப் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகக் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போனேன். வரிசைப் பெண்கள் யாரும் கூட இல்லாததே பெரிய நிம்மதி.

அண்ணி படுத்துக்கொண்டே பழங்கதை பேசினார். என் மாமனாரை நான் பார்த்ததில்லை. இந்தப் பாதை போட்ட காலத்தில் மண் சுமக்க வந்தவர்.

"எங்கப்பா மாதிரி பக்திமான் கெடையாது ராஜம். வெளக்கு வச்சா போதும், அதுக்கு முன்னால ஒக்காந்துருவாரு. வீடே பத்திக்கிட்டாலும் எந்திரிக்க மாட்டாரு. சோத்தக்கூடக் கையில வாங்கித்தான் சாப்புடுவாரு."

"எப்பலருந்து அண்ணி அப்படி?"

"தம்பி இப்ப இருக்கிற வயசுலருந்துதான். நாளாக நாளாகப் பக்தி கூடிப்போச்சு. கடைசியில பகல்லயும் எந்திரிக்கிறது இல்ல."

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அது பக்தி இல்லை, கண் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு குடும்பமே அதைப் பக்தி என்று நம்பி வைத்திருக்கிறது. அப்பனுக்கு வந்ததுதான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது. அதைக் கீரையா தீர்க்கும்?

இருந்தும் திரும்பி வந்து கீரை பறித்தேன். பறிக்காமல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நூல் சிட்டம்

பரிசோதனை நாள் வந்தது. ராத்திரி முறை முடிந்து வந்தவர் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் அடுப்பே மூட்டவில்லை.

நண்பகலில் வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம், அதில் ஜிலேபி. சிரிப்பு காது வரை இருந்தது.

"பாஸ் புள்ள! தாவாரத்துல ஒக்கார வச்சு, தூரத்துல எழுத்தக் காட்டுனாங்க. கடகடன்னு படிச்சிட்டேன். அப்புறம் கம்பளி நூலு. சிட்டம் சிட்டமா ஒரு கூடை. செவப்புக்குச் செவப்பு, பச்சைக்குப் பச்சை எடுக்கணும். ஒண்ணுகூடத் தப்பல. உன் கௌக்கி வேலை செஞ்சிருச்சு."

நானும் ஜிலேபி சாப்பிட்டேன். இனிப்பு தொண்டையைத் தாண்டும் முன்பே புத்தி கேட்டது. தாழ்வாரத்தில், காலை வெயிலில் பார்த்த பார்வை. பகலில் அவருக்கு எப்போது தெரியாமல் இருந்தது? பயந்து பயந்து காத்திருந்த பரிசோதனை, அவருடைய நோயைத் தொடக்கூட இல்லை.

அவருக்கும் அது தெரிந்திருக்கும். வேலை தங்கியது, வீடு தங்கியது, போதும் என்று இருந்தோம். அவர் மறுபடி இரவு முறைக்குப் போனார். யார்டு அவருக்குக் கைரேகை போல மனப்பாடம் என்று சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்பார். நான் நம்பினேன். நம்பினால்தான் ராத்திரியில் கொஞ்சமாவது கண்ணயர முடியும்.

சேலை கட்டிய செடி

ஒரு ஓய்வு நாள். மழை பெய்து விட்டிருந்தது. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. சாக்கடையோரம் கௌக்கி இலை இலையாக எனக்குத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் முன்பக்கமிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். என்னைத் தாண்டிப் போனார். செடிக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தா புள்ள" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "நீ என்னமோ மனசுல வச்சுக்கிட்டே இருக்க. கிள்ளான் போயிட்டு வந்ததுலருந்து ஒழுங்காப் பேச மாட்டேங்கிற. பயப்படாத. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம். எல்லாம் தெரியுது. இப்பக்கூட உன் மொகம் நல்லாத் தெரியுது."

சேலை காற்றில் லேசாக ஆடியது.

"ஏன், அழுவுறியா?" என்றபடி கையை நீட்டி, என் கன்னம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டார். முள் கிழித்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

நான் புளிக் கையோடு உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

திரும்பாமலே கேட்டார்.

"நீ எங்க இருக்க?"

"இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.

கிட்டே போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியில் ரத்தம். முந்தானையால் சுற்றிவிட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நாளைக்குக் காலையில நானே போயிச் சொல்லிர்றேன். இனி முடியாது புள்ள."

போக வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

செல்லம்மா அக்கா வந்தாள்

மறுநாள் விடிந்ததும் போனார். மத்தியானம் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். யார்டு வேலை இல்லை. கிள்ளான் பாதையில் புல் வெட்டுகிற கூட்டத்தில் பகல் வேலை. கூலி குறைவு, வீடு கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கப்பலில் ஏற்றாமல் விட்டார்களே என்று சொல்லிக்கொண்டு பாயை விரித்துப் படுத்தார். படுத்த உடனே குறட்டை வந்தது. கீரைக்காக எழுப்ப வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை.

நான் அடுப்படியில் பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் செல்லம்மா அக்கா வந்து நின்றாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

இனி மறைத்து ஆகப்போவது என்ன? "அக்கா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவருக்குத்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டி."

"எப்பத் தெரியும்?"

"நீ முள்ளு நட்ட அன்னிக்கே தெரியும். அதுக்கு முன்னாலயும் தெரியும். வரிசையில எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசி கோத்தது, கல் பொறுக்கியது, கடுதாசி படித்தது எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. நான் நடிக்கிறேன் என்று தெரிந்துகொண்டே அத்தனை பேரும் கூட நடித்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரருதான வந்து சொல்லுவாரு" என்றாள் அக்கா. பேச்சில் சிடுசிடுப்பே இல்லை, ஓய்ந்துபோன குரல். "கையில ஒரு கம்பிய வச்சுக்கிட்டு தண்டவாளத்தத் தட்டிக்கிட்டே முன்னால போவாரு. அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டு உன் புருஷன் பின்னால வருவாரு. பொட்டிக்கு நடுவுல பூந்து கொக்கி மாட்டுறது எல்லாம் இவருதான். தன்னோடதும் மாட்டி, அவரோடதும் மாட்டி. ஒரு தடவை அவசரத்துல கை சிக்கப் பாத்துச்சு."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உன் புருஷன வேலைய விடச் சொல்லுன்னா? நீ பச்சப்புள்ள மாதிரி அந்தக் குச்சிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்ன. வாய் வரல. கோயிலுக்கு நீ ஒரு ஆளுக்குக் கண்ணு கேக்க வந்த. நான் ஒரு ஆளு உசிரோட வீடு வரணும்னு கேக்க வந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் அவள் காலருகில் உட்கார்ந்தேன். கண் சிவந்தவள், சிடுமூஞ்சி என்று நான் நினைத்திருந்த முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். ஒவ்வொரு இரவு முறைக்கும் விடிய விடிய விழித்துக் கிடந்த முகம் அது.

"இன்னிக்கு ராத்திரி புது ஆளு வாராரு. நல்ல கண்ணாம்" என்றாள். "இன்னிக்குத்தான் நான் தூங்குவேன் ராஜம்."

ராத்திரி வரை அவள் காத்திருக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவள், சுவரிலிருந்து சரிந்து, என் அடுப்படித் தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே அவர், இங்கே இவள்.

பக்கத்து வீட்டில் அவள் வைத்துவிட்டு வந்த உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. அவளை எழுப்பாமல் நான் போய்ச் சோற்றை வடித்து வைத்தேன்.